கரண்டி பிடிக்காதவரின் வேலை: அமெரிக்க சிவில் உரிமைகள் ஆணையம் எப்படி இயங்குகிறது?

பாகுபாடு காட்டக் கூடாது என்று ஒரு நாடு சட்டம் போடுகிறது. சரி. அந்தச் சட்டத்தை நடத்திவைக்க ஓர் அலுவலகத்தைத் திறக்கிறது. அதுவும் சரி. பிறகு, அந்த அலுவலகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னோர் அலுவலகத்தைத் திறக்கிறது. இந்த இரண்டாவது அலுவலகத்தால் அபராதம் போட முடியாது, பாதிக்கப்பட்டவருக்காக வழக்குத் தொடுக்க முடியாது, தப்புச் செய்த ஒரு குமாஸ்தாவைக்கூட நாற்காலியை விட்டு எழுப்ப முடியாது. அப்படியென்றால் அது எதற்கு?

அமெரிக்காவில் 1957-லிருந்து இப்படி ஓர் அலுவலகம் இருக்கிறது. பெயர், சிவில் உரிமைகள் ஆணையம். அண்மை ஆண்டுகளில் அதன் ஆண்டுச் செலவு ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவு. வாஷிங்டன் கணக்கில் அது சில்லறைக் காசு. ஆனாலும் 1960-களில் அமெரிக்காவைப் புரட்டிப்போட்ட உரிமைச் சட்டங்களுக்கு வேண்டிய சான்றுகளையும் யோசனைகளையும் திரட்டிக் கொடுத்ததில் இந்தச் சின்ன அலுவலகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கையில் அதிகாரம் இல்லாமல் அதை எப்படிச் செய்தது? உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஒரு கல்யாணப் பந்தி

கல்யாண வீட்டுச் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில், என்னென்ன போடப்போகிறோம் என்று பட்டியல் எழுதுகிறார்கள். அடுத்து, அடுப்படியில் சமையல் மாஸ்டர்கள் இறங்குகிறார்கள். பிறகு, பரிமாறுகிறவர்கள் வாளியும் கரண்டியுமாகப் பந்திக்குள் வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் பணம் கொடுப்பவர் வீட்டுக்காரர்.

இவர்களைத் தவிர இன்னொருவர் இருப்பார். பெண்ணுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்வோம். அவர் சமைப்பதில்லை, பரிமாறுவதும் இல்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு இலை இலையாக நடந்து, "கூட்டு வந்துச்சா? இங்கே அப்பளம் விழலையே?" என்று கேட்டுக்கொண்டே போவார். பந்தி விசாரிப்பது அவர் வேலை.

அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அடுப்படியில் போய்க் கேட்டால், "எல்லாம் அனுப்பியாச்சே" என்பார்கள். அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் கடைசி வரிசையில் ஒருவர் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பட்டியலில் எழுதுவது ஒன்று, அடுப்பிலிருந்து இறங்குவது இன்னொன்று, இலையில் விழுவது வேறொன்று. பெரியப்பா பார்ப்பது இந்த மூன்றாவதை.

பரிமாறுகிறவன் நம்மவன் என்றால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால்தான் என்ன என்று ஒரு பழமொழி உண்டு. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பரிமாறுகிறவன் ஆள் பார்த்துப் போடுகிறவன் என்றால், முதல் பந்தியில் இடம் பிடித்தும் பயனில்லை. சிவில் உரிமைச் சட்டங்களின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

இனிப் பொருத்திப் பார்ப்போம். பட்டியல் என்பது சட்டம். அடுப்படியும் பரிமாறுகிறவர்களும் அமல்படுத்தும் துறைகள். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் குடிமகன். வீட்டுக்காரர் என்பது குடியரசுத் தலைவரும் நாடாளுமன்றமான காங்கிரஸும். பெரியப்பா, நம் ஆணையம்.

அடுப்படியில் யார் யார்?

ஆணையத்தைப் புரிந்துகொள்ளும் முன், அது யாரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் இந்த அடுப்படி ஒரே அடுப்பாக இல்லை.

வேலையில் பாகுபாடு என்றால் அதற்குச் சம வேலைவாய்ப்பு ஆணையம். 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் உருவாக்கிய அமைப்பு இது. 1965 ஜூலையில் கதவைத் திறந்தது. நிறத்துக்காகவோ மதத்துக்காகவோ பெண் என்பதற்காகவோ வேலை மறுக்கப்பட்டவர் பொதுவாக 180 நாளுக்குள் இங்கே புகார் கொடுக்க வேண்டும். அதே குற்றத்தை விசாரிக்க மாநிலத்தில் தனி அமைப்பு இருந்தால் 300 நாள் வரை நேரம் உண்டு.

வீடு வாடகைக்குத் தர மறுத்தால் வீட்டுவசதித் துறை. பின்னாளில் திருத்தப்பட்ட 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பள்ளியிலும் கல்லூரியிலும் நடந்தால் கல்வித் துறைக்குள் இருக்கும் சிவில் உரிமை அலுவலகம். நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டிய பெரிய விவகாரம் என்றால் நீதித் துறையின் சிவில் உரிமைப் பிரிவு. இவை போக, மருத்துவமனைக்கும் சாலைக்கும் விவசாயத்துக்கும் மத்திய அரசுப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு துறைக்கும், அந்தப் பணம் பாகுபாடு காட்டும் கைக்குப் போகிறதா என்று பார்க்கும் கடமை உண்டு.

ஆக, அடுப்பு பல, மாஸ்டர்கள் பலர், ஒவ்வொருவரும் தன் அண்டாவை மட்டும் பார்ப்பார்கள். மொத்தப் பந்தியையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்க்க ஒருவர் வேண்டும் என்பது இதிலிருந்தே புரியும்.

பெரியப்பா எப்போது வந்தார்?

விசித்திரம் என்னவென்றால், மேலே சொன்ன அடுப்புகளில் பெரும்பாலானவை பற்றவைக்கப்படும் முன்பே பெரியப்பா வந்துவிட்டார்.

1957 செப்டம்பர் 9 அன்று குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் ஒரு சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1875-க்குப் பிறகு, எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்த முதல் சிவில் உரிமைச் சட்டம் அது. தென்மாநில உறுப்பினர்களின் எதிர்ப்பில் அதன் வலுவான பகுதிகள் பலவும் உதிர்ந்துபோயின. மிஞ்சியவற்றில் ஒன்று, உண்மை என்ன என்று கண்டுபிடித்துச் சொல்லும் ஓர் ஆணையம். அதற்கும் இரண்டே ஆண்டு ஆயுள்தான் கொடுத்தார்கள். ஆறு பேர் கொண்ட குழு. ஒரே கட்சியிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. வடக்கத்தியர் மூவர், தெற்கத்தியர் மூவர். தெற்கத்தியரில் இருவர், வர்ஜீனியாவிலும் ஃபுளோரிடாவிலும் ஆளுநராக இருந்தவர்கள். தலைவர், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தை நடத்திக்கொண்டிருந்த ஜான் ஹன்னா. நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் தலைவரான பாதிரியார் தியடோர் ஹெஸ்பர்க் ஓர் உறுப்பினர். கறுப்பினத்தவர் ஒரே ஒருவர், தொழிலாளர் துறையின் உதவிச் செயலர் எர்னெஸ்ட் வில்கின்ஸ்.

இப்படி ஒரு குழுவால் ஒன்றும் நடக்காது, பேசிப் பேசியே இரண்டு வருடத்தை ஓட்டிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அவர்கள் பந்திக்குள் இறங்கி நடக்கத் தொடங்கினார்கள்.

முதல் படி: போய்ப் பார்ப்பது

ஆணையத்தின் முதல் கருவி பொது விசாரணை. பிரச்சினை இருக்கும் ஊருக்கே போய், மேசை போட்டு உட்கார்ந்து, பாதிக்கப்பட்டவரையும் அதிகாரியையும் வரவழைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு பேசச் சொல்வது.

முதல் விசாரணை 1958 டிசம்பரில், அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகரில் நடந்தது. விசாரணை தொடங்கும் முன்பே ஆணையத்துக்குப் பாடம் கிடைத்துவிட்டது. கறுப்பரான வில்கின்ஸை மற்றவர்களோடு சேர்த்துத் தங்கவைக்க ஊரில் எந்த ஹோட்டலும் தயாராக இல்லை. கடைசியில் ஆறு பேரும் பக்கத்தில் இருந்த மேக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் போய்த் தங்கினார்கள். நாட்டின் தலைவர் நியமித்த குழுவுக்கே இந்தக் கதி.

கேள்வி, ஓட்டுரிமை பற்றியது. அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறாது. நாமே போய்ப் பதிவுசெய்ய வேண்டும். கறுப்பினத்தவரின் புகழ்பெற்ற கல்லூரி இருந்த டஸ்கீகியிலிருந்து படித்தவர்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். பதிவு அலுவலகத்தில் வெள்ளையருக்கு ஓர் அறை, தங்களுக்கு வேறோர் அறை என்றார்கள். மணிக்கணக்கில் காத்திருந்து, அரசியல் சாசனத்தின் நீண்ட பகுதிகளைக் கையால் நகல் எடுத்து எழுதிக் கொடுத்த பிறகும் பதில் வராது என்றார்கள். அப்படித் திரும்பி வந்தவர்களில் டாக்டர் பட்டம் பெற்றவர்களும் உண்டு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் என்ற பட்டியலில் ஓட்டுரிமை 1870-லிருந்தே இருந்தது. நிறத்தைக் காரணம் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் பதினைந்தாவது திருத்தமே சொல்லிவிட்டது. இலையில் விழவில்லை என்பதுதான் சிக்கல். அதைச் சாட்சியோடு, அதிகாரிகளை எதிரே உட்காரவைத்துப் பதிவுசெய்தது இந்த விசாரணை.

இரண்டாம் படி: கணக்குப் புத்தகத்தைக் கேட்பது

சாட்சி மட்டும் போதாது. "எனக்கு வரலை" என்று ஒருவர் சொல்வார், "போட்டேனே" என்று பரிமாறியவர் சொல்வார். ஆகவே, எத்தனை வாளி இறங்கியது, எந்த வரிசைக்குப் போனது என்று கணக்குப் பார்க்க வேண்டும். அதற்காக ஆணையத்துக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் சப்பீனா, அதாவது ஆளையும் ஆவணத்தையும் கொண்டுவரச் சொல்லும் கட்டாய உத்தரவு. ஆணையத்தின் கையில் இருக்கும் உருப்படியான அதிகாரம் இது ஒன்றுதான்.

அலபாமாவில் அதற்கும் எதிர்ப்பு வந்தது. பார்பர், புல்லக் என்ற இரண்டு மாவட்டங்களின் வாக்காளர் பதிவேடுகளை உள்ளூர் நீதிபதி ஒருவர் தன்வசம் எடுத்து வைத்துக்கொண்டு தர மறுத்தார். பெயர், ஜார்ஜ் வாலஸ். பின்னாளில் அலபாமாவின் ஆளுநராகி, நிறப் பிரிவினையின் முகமாகவே அறியப்பட்டவர். ஆணையத்துக்காக நீதித் துறை கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஃபிராங்க் ஜான்சன், பதிவேடுகளைக் காட்டியே தீர வேண்டும் என்று உத்தரவிட்டார். வாலஸ் நேரே கொடுக்காமல் உள்ளூர் ஜூரிகளிடம் ஒப்படைத்தார். அவர்கள் மூலமாக ஆணையத்தின் ஆட்கள் ஏடுகளைப் பார்த்துவிட்டார்கள்.

இந்த இழுபறியிலிருந்து ஒரு பரிந்துரை பிறந்தது. ஓட்டுப் பதிவேடுகளை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும், அவற்றைப் பொது ஆவணமாக்க வேண்டும் என்று ஆணையம் 1959-இல் எழுதியது. அடுத்த ஆண்டே, 1960-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம், கூட்டாட்சித் தேர்தல் தொடர்பான பதிவேடுகளை 22 மாதம் பாதுகாக்க வேண்டும், நீதித் துறை கேட்டால் காட்ட வேண்டும் என்று விதித்தது. கணக்கைப் பார்க்கப் போனவர் கையில் ஏடு எளிதில் கிடைக்கவில்லை, அதனால் ஏட்டை ஒளிக்கக் கூடாது என்றே ஒரு விதி வந்தது.

சப்பீனாவில் ஒரு முடிச்சும் இருக்கிறது. யாராவது கீழ்ப்படிய மறுத்தால் ஆணையம் தானே தண்டிக்க முடியாது. நீதித் துறைத் தலைவர்தான் நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கித் தர வேண்டும். ஆனால் ஆணையம் கேள்வி கேட்பதே நீதித் துறையை என்றால்? 2009, 2010-இல் அப்படித்தான் ஆனது. ஒரு வழக்கை நீதித் துறை பாதியில் கைவிட்டது ஏன் என்று ஆணையம் சப்பீனா அனுப்பியது. அதற்குப் பதில் சொல்லப் போக வேண்டாம் என்று தன் ஊழியர்களிடம் சொன்னது அதே நீதித் துறை. மாஸ்டர் மேல் புகார் சொல்ல மாஸ்டரிடமே அனுமதி கேட்க வேண்டியிருந்தால் பெரியப்பா என்ன செய்வார்? குரலை உயர்த்தலாம். அதைத்தான் ஆணையமும் செய்தது.

மூன்றாம் படி: சொன்னவரைக் காப்பாற்றுவது

அடுத்த ஊர் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட். 1959 ஜூலையில் விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அப்போது பதிவு அதிகாரிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் மேல் புகார் கொடுத்தது யார் என்று சொல்லுங்கள், அவர்களை நாங்கள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்றார்கள். ஆணையம் இரண்டுக்கும் இடம் தரவில்லை. சொன்னவர் யார் என்று தெரிந்தால் அந்தக் காலத்துத் தெற்கில் அவருக்கு வேலை போகும், வீடு போகும், சில நேரம் உயிரும் போகும். அங்கிருந்த கூட்டாட்சி நீதிபதி விசாரணைக்குத் தடை போட்டார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1960 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ஆணையம் வென்றது. நீதிபதிகள் சொன்ன காரணம் முக்கியமானது. இந்த ஆணையம் யாரையும் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பதில்லை, தண்டிப்பதில்லை, யாருடைய உரிமையையும் பறிப்பதில்லை. தகவல் மட்டும் திரட்டுகிறது. ஆகவே, நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் எல்லாப் பாதுகாப்பையும் இங்கே கேட்க முடியாது.

நம் தொடக்கக் கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைத்துவிடுகிறது. ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருந்திருந்தால், புகார் சொன்னவரின் பெயரை மறைக்க முடிந்திருக்காது. கையில் கரண்டி இல்லாததால்தான் பந்தியில் இருப்பவர் பெரியப்பாவிடம் வாய் திறந்து பேசுகிறார்.

நான்காம் படி: எழுதிக் கொடுப்பது

ஷ்ரீவ்போர்ட் விசாரணை நின்றுபோன அன்று உறுப்பினர்கள் என்ன செய்தார்கள்? ஹெஸ்பர்க் அவர்களை விமானத்தில் ஏற்றி, விஸ்கான்சின் மாநிலத்தில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்தில் நோட்ரடாமுக்குச் சொந்தமான ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். எல்லோருக்கும் மீன்பிடிக்கப் பிடிக்கும். சாப்பிட்டு, மீன்பிடித்து, பிறகு உட்கார்ந்து பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பன்னிரண்டில் பதினொன்று ஒருமனதாக நிறைவேறியது என்று ஹெஸ்பர்க் பிற்காலத்தில் சொல்வார். வடக்கும் தெற்கும் பாதிக்குப் பாதி இருந்த குழுவில் அது சின்ன விஷயமில்லை.

ஒருமனதாகாத ஒன்று எது என்பதில் சுவாரசியம் இருக்கிறது. உள்ளூர் அதிகாரி பதிவுசெய்ய மறுத்தால், வாஷிங்டனிலிருந்து தற்காலிகப் பதிவு அதிகாரியை அனுப்ப வேண்டும் என்ற யோசனை அது. முன்னாள் வர்ஜீனியா ஆளுநர் ஜான் பேட்டில் அதை ஏற்கவில்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தண்ணீர் விட்டு இளக்கி, நீதிமன்றம் நியமிக்கும் நடுவர் என்று மாற்றியது. ஆனால் யோசனை காகிதத்தில் இருந்தது. 1965 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வாக்குரிமைச் சட்டத்தில், கூட்டாட்சிப் பதிவு அதிகாரிகள் முழு வலுவோடு வந்தார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில், மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பர்களாக இருந்த அலபாமாவின் லவுண்ட்ஸ் மாவட்டத்தில் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர் பெயர்கூட இருக்கவில்லை.

ஆணையத்தின் அறிக்கை குடியரசுத் தலைவருக்கும் காங்கிரஸுக்கும் போகிறது. எந்தப் பரிந்துரையையும் அவர்கள் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அறிக்கை அச்சாகி வெளியே வருகிறது. பெரியப்பா வீட்டுக்காரரின் காதோடு சொல்லாமல், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி "நாலாவது வரிசைக்கு ரசம் வரலை" என்று சொல்கிறார். அப்புறம் வீட்டுக்காரர் கேட்காத மாதிரி இருப்பது கஷ்டம்.

ஐந்தாம் படி: திரும்பப் போய்க் கேட்பது

1964, 1965, 1968 என்று பெரிய சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. இனி வேலை முடிந்தது என்று நினைக்கலாம். இங்கேதான் ஆணையத்தின் வேலை உருமாறியது. அதுவரை "சட்டம் வேண்டும்" என்று சொன்ன அமைப்பு, "போட்ட சட்டம் நடக்கிறதா?" என்று கேட்கத் தொடங்கியது.

1970 அக்டோபரில் நாற்பதுக்கும் மேற்பட்ட கூட்டாட்சித் துறைகளை ஆராய்ந்து பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. சட்டப் புத்தகத்தில் இருப்பதற்கும் நடப்பதற்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது, துறைகளிடம் போதுமான ஆளும் இல்லை, அக்கறையும் இல்லை என்பது அதன் சாரம்.

பெரும்பாலான அரசுக் குழுக்கள் இதோடு பேனாவை மூடிவிடும். இவர்கள் மூடவில்லை. ஏழு மாதம் கழித்து, 1971 மே மாதத்தில், அதே துறைகளிடம் திரும்பப் போய் என்ன மாறியது என்று கேட்டு எழுதினார்கள். நவம்பரில் "ஓராண்டுக்குப் பின்" என்று இன்னோர் அறிக்கை. 1973-இல் மறுமதிப்பீடு. பள்ளிக்கூட மார்க்ஷீட் போல ஒவ்வொரு துறையும் எந்த இடத்தில் இருக்கிறது என்று தரம் பிரித்துச் சொன்னார்கள்.

பந்தி விசாரிப்பதில் முழு வித்தையும் இதுதான். "ரசம் வரலை" என்று ஒரு தடவை கத்திவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுகிறவரால் பயன் இல்லை. அஞ்சு நிமிஷத்தில் அதே வரிசைக்குத் திரும்பி வந்து "இப்ப வந்துச்சா?" என்று கேட்கிறவருக்குத்தான் பரிமாறுகிறவர் பயப்படுவார்.

பிற்காலத்தில் இது சட்டத்திலேயே ஏறிவிட்டது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கூட்டாட்சி அரசு சிவில் உரிமைகளை எப்படி அமல்படுத்துகிறது என்று ஆண்டுக்கு ஓர் அறிக்கையாவது ஆணையம் கொடுத்தே ஆக வேண்டும். எல்லாத் துறைகளும் அதோடு ஒத்துழைக்க வேண்டும்.

அந்த அறிக்கைக்காக என்ன கேட்கிறார்கள்? 2019 நவம்பரில் வந்த அறிக்கை 13 துறைகளின் மூன்றாண்டு வேலையைப் பார்த்தது. முதலில், சட்டம் உனக்கு என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறது, அதை முழுதாகப் பயன்படுத்துகிறாயா? அடுத்து, ஆள் எத்தனை, பணம் எவ்வளவு, வந்த புகார் எத்தனை? பிறகு, புகார் வரும் வரை காத்திருக்கிறாயா, நீயாகவும் போய்ப் பார்க்கிறாயா? விதி என்ன என்று மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் எடுத்துச் சொல்கிறாயா? தகவல்களைச் சேர்த்து வைக்கிறாயா? இந்தக் கேள்விகளை ஒரே மாதிரி எல்லாத் துறைகளிடமும் கேட்கும்போது, எங்கே அண்டாவில் சரக்கே இல்லை, எங்கே சரக்கு இருந்தும் வாளி நகரவில்லை என்று பிரித்துப் பார்த்துவிடலாம். மருந்து இரண்டுக்கும் ஒன்றில்லை. முதலாவதற்குப் பணம் வேண்டும், இரண்டாவதற்கு மனம் வேண்டும்.

ஊர்தோறும் ஒரு காது

வாஷிங்டனில் உட்கார்ந்து ஐம்பது மாநிலத்தையும் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும், தலைநகருக்கும், ஆட்சிப் பகுதிகளுக்கும் ஓர் ஆலோசனைக் குழு உண்டு. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், வக்கீல், சமூக ஊழியர் என்று உள்ளூர்க்காரர்கள். தங்கள் மாநிலத்தில் எது எரிகிறதோ அதை விசாரித்து எழுதுவார்கள்.

ஆணையமே ஊர்களுக்குப் போய்க் காது கொடுத்ததில், நம்மைத் தொட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். 1987-இல் நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில், பொட்டு வைத்த இந்தியப் பெண்களையும் அவர்கள் குடும்பங்களையும் குறிவைத்து ஒரு கும்பல் மிரட்டியது, தாக்கியது. தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே "டாட்பஸ்டர்ஸ்", அதாவது பொட்டை ஒழிப்பவர்கள். ஆணையம் 1989-இல் ஹூஸ்டன், சான் ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க் நகரங்களில் ஆசிய வம்சாவளியினரை அழைத்து உட்காரவைத்துப் பேசியது. 1992 பிப்ரவரியில் வந்த அறிக்கையில் இந்தத் தாக்குதல்களும் இடம்பெற்றன. ஆசியர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன குறை என்ற பொதுப் பேச்சுக்கு அந்த அறிக்கை பதில் சொன்னது. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக ஒருவர் இலையைப் பார்க்காமல் போகக் கூடாது.

நீங்களே போய்ப் புகார் கொடுத்தால்?

வீடு தர மறுத்தார்கள் என்று நேராக இந்த ஆணையத்துக்கு எழுதினால் வீடு கிடைக்காது. உங்கள் கடிதம் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று பார்த்து, அங்கே போகும்படி வழிகாட்டுவார்கள். வழக்கை விசாரித்து நிவாரணம் தருவது அந்தத் துறையின் வேலை. முதலிலேயே வீட்டுவசதித் துறைக்கு எழுதினால் நாள் மிச்சம். ஆனால் ஒரே ஊரிலிருந்து ஒரே மாதிரி நூறு பேர் எழுதினால், அது தனிப் புகார் என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது. அப்போது அது ஆணையம் எடுத்து ஆராயத்தக்க விஷயம்.

எங்கே சறுக்குகிறது?

பெரியப்பாவைப் பந்தியை விட்டு வெளியேற்ற ஒரு வழி இருக்கிறது. ஆளை மாற்றுவது. 1969-இல் ஆணையத்தின் தலைவரான ஹெஸ்பர்க், நிக்ஸன் அரசை விடாமல் விமர்சித்தார். 1972 தேர்தலில் வென்ற கையோடு, நிக்ஸன் தரப்பு அவரிடம் ராஜினாமா கேட்டு வாங்கியது. 1983 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ரீகன், மூன்று உறுப்பினர்களை நீக்கினார். அவர்களில் மேரி ஃபிரான்சஸ் பெர்ரியும் பிளாண்டினா ராமிரெஸும் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 30-இல் சமரசமாக ஒரு புதுச் சட்டம் வந்தது. இனி உறுப்பினர் எட்டுப் பேர். நான்கு பேரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், இருவரை செனட் தரப்பு, இருவரைப் பிரதிநிதிகள் சபைத் தரப்பு. பதவிக்காலம் ஆறு ஆண்டு. ஒரே கட்சியினர் நான்கு பேருக்கு மேல் கூடாது. கடமை தவறினாலோ முறைகேடு செய்தாலோ தவிர, நடுவில் நீக்க முடியாது.

இதனால் ஆளை மாற்றுவது கடினமாயிற்று. ஆனால் இன்னொரு நோய் வந்தது. எட்டு என்பது இரட்டைப்படை. நாலுக்கு நாலு என்று பிரிந்தால் அறிக்கை நகராது. பல அறிக்கைகளின் பின்னால், பெரும்பான்மை சொன்னதை மறுத்து எழுதிய தனிக் குறிப்புகள் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஏரிக்கரையில் ஒருமனதாகப் பதினொன்று நிறைவேறிய காலம் மாறிவிட்டது.

இனி எந்த ஆணையத்தைப் பார்த்தாலும்

உரிமைகளைக் கண்காணிக்கும் அமைப்பு எந்த நாட்டில் இருந்தாலும், அது உருப்படியானதா என்று அறிய மூன்று கேள்வி போதும். கோபம் வந்தால் ஆட்சியாளர் அதன் உறுப்பினர்களைத் தூக்கிவிட முடியுமா? ஆவணத்தைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அதற்கு உண்டா? போன முறை சொன்ன குறை தீர்ந்ததா என்று அதே கேள்வியோடு அது திரும்பி வருகிறதா?

மூன்றாவதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இந்த ஆணையத்தின் அறிக்கைகள் யாரும் படிக்கும்படி பொதுவில் இருக்கின்றன. 1970 அறிக்கையையும் 2019 அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஆள் பற்றாக்குறை என்ற அதே முறையீடு இரண்டிலும் இருக்கும். அரை நூற்றாண்டு ஆகியும் இதேதானா என்று சலிப்புத் தட்டும். ஆனால் அன்றைக்கு ஒருவர் எழுதி வைத்ததால்தான், இது புதிதாக முளைத்த குறை என்று இன்றைக்கு எந்தத் துறையாலும் சொல்லித் தப்பிக்க முடிவதில்லை.